வெயில் ஊருக்குப் போறதுக்கு பொண்ணுங்க டீ-ஷர்ட் எப்படிப் பாத்து எடுக்கணும்

பரீட்சை லீவு விட்டா போதும், சொந்தக்காரப் பிள்ளைங்ககிட்ட இருந்து எனக்கு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான், "அக்கா மதுரை ராமேஸ்வரம் போறோம், நல்லா மெலிசா ரெண்டு டீ-ஷர்ட் எடுத்துக் குடுங்க". நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில ஆறு வருஷம் செக்கிங்ல இருந்தவ, அதனால என்கிட்ட கேக்குறாங்க, சந்தோஷமா சொல்லுவேன். ஆனா கேக்குற எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடிச்சுக்குறாங்க, மெலிசு. மெலிசா இருந்தா வேர்க்காது, குளுகுளுன்னு இருக்கும்னு ஒரு நினைப்பு. கடையில எடுத்துப் பாத்தா பூ மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா உள்ள போட்டது எல்லாம் அப்படியே தெரியும், அப்புறம் என்ன பண்ணுவோம், உள்ள ஒரு ஸ்லிப் போடுவோம், அதுக்கு மேல அந்த மெலிசு டீ-ஷர்ட், வெயில் ஏற ஏற ரெண்டும் வேர்வையில ஒட்டிக்கும். ரெண்டு மெலிசு துணி சேர்ந்தா ஒரு நல்ல துணியை விட சூடு அதிகம். அதனால நான் சொல்றது எப்பவும் ஒண்ணுதான், உள்ள எதுவும் இல்லாம தனியா போட முடியுற அளவுக்கு அடர்த்தியா இருக்குற துணியில எது லேசானதோ அதை எடுங்க.

அது எவ்வளவுன்னா, 140-லிருந்து 160 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்குங்கிற கணக்கு. கம்பெனில வட்டமா ஒரு கட்டர் இருக்கும், துணி மேல வச்சு அழுத்தி ஒரு திருகு திருகினா சரியா 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி வரும், அதை எடை போட்டு நூறால பெருக்குனா ஜிஎஸ்எம். ஒன்றரை கிராம் இருந்தா 150. சாதாரணமா கடையில ஆம்பளைங்களுக்கு விக்கிற டீ-ஷர்ட் 180 வாக்குல இருக்கும், பொண்ணுங்க டீ-ஷர்ட்ல நிறைய 120, 130-ன்னு இறங்கிடும், அதான் உள்ள தெரியுது. டார்க் கலர்னா 130-ல கூட சமாளிக்கலாம், வெள்ளையோ பேபி பிங்க்கோ வேணும்னா 150-க்கு கீழ போகாதீங்க.

கடையில யாரும் கட்டர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க, சரி. ஆனா திருப்பூர் பனியன் மார்க்கெட் இருக்குற காதர்பேட்டை பக்கம் வந்தீங்கன்னா, பழைய கடைக்காரங்ககிட்ட "அண்ணா இது எந்த கவுன்ட்"னு கேளுங்க, டக்குனு "30 கோம்டுங்க"ன்னு பதில் வரும். கவுன்ட்னா நூல் நம்பர், அது ஏற ஏற நூல் சன்னமாகும், 24-ம் நம்பர் நூல்ல சிங்கிள் ஜெர்ஸி, அதாவது சாதாரண டீ-ஷர்ட்டுக்கு வர்ற ஒத்தைப் பின்னல் துணி, ஓட்டினா 170, 180 ஜிஎஸ்எம் வரும், 30-ல 140, 150, 40-ல 110, 120-ன்னு போயிரும். கோம்டுன்னா பஞ்சை சீவி, குட்டைக் குட்டையா இருக்குற இழையெல்லாம் எடுத்துட்டு நூத்தது, அதனால மேல பொசுபொசுன்னு ரோமம் எந்திரிக்காது, பேக் ஸ்ட்ராப் உரசுற இடத்துல உருண்டை உருண்டையா வராது. 30 கோம்டு சிங்கிள் ஜெர்ஸி, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. கோயம்புத்தூர்ல 1970-கள்ல உருவாக்கின சுவின்னு ஒரு நீள இழைப் பருத்தி இருக்கு, அதுல பண்ணின டீ-ஷர்ட் கைக்கு பட்டு மாதிரி இருக்கும், விலையும் அப்படித்தான், எனக்கு அதைத் தொட்டுப் பாக்குறதே ஒரு சந்தோஷம், ஆனா பஸ்லயும் ரயில்லயும் கசங்கறதுக்கு அது வேண்டாம்.

வீட்டுல கிச்சன் தராசு இருந்தா இன்னொரு வழி. எம் சைஸ் பொண்ணுங்க டீ-ஷர்ட், அரைக்கை, தராசுல வச்சா 95-லிருந்து 110 கிராமுக்குள்ள வந்துச்சுன்னா நம்ம சொல்ற ரேஞ்ச்ல இருக்கு. 130 தாண்டினா அது கனமான துணி. ஏற்கனவே உங்ககிட்ட வெயிலுக்கு ஒத்து வர்ற பழைய டீ-ஷர்ட் ஒண்ணு இருக்கும்ல, அதை எடை போட்டு வச்சுக்கோங்க, அதை விட நல்ல அளவுகோல் கிடையாது.

இப்ப எந்த துணிங்கிறது. இதுக்கு எந்த ஊருக்குப் போறீங்கன்னு முதல்ல சொல்லணும், ஏன்னா வெயில்ல ரெண்டு வகை இருக்கு. கரூர், திருச்சி, வேலூர் பக்கம் மே 4-ல கத்திரி ஆரம்பிச்சா காத்துல ஈரமே இருக்காது, வேர்வை வந்த வேகத்துல காயும், அங்க காட்டன் மாதிரி சுகம் எதுவும் இல்ல, வேர்வையை உறிஞ்சும், அது ஆவியாகறப்ப உடம்பு குளுரும். அதே காட்டனைப் போட்டுட்டு சென்னை பீச்சுக்கோ நாகப்பட்டினத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ போங்க, காத்துலயே ஈரம் அப்பிக்கிட்டு இருக்குறதால வேர்வை ஆவியாகாது, காட்டன் குடிச்ச தண்ணியை விடாது, முதுகுல ஈரத்துணி போர்த்தின மாதிரி சாயங்காலம் வரைக்கும் இருக்கும். கடலோர ஊருக்கு காட்டனும் மோடாலும் (மரக்கூழ்ல இருந்து எடுக்குற இழை) கலந்தது நல்லாயிருக்கும், வழுவழுன்னு தொங்கும், உடம்புல ஒட்டாது, இல்லன்னா 60 காட்டன் 40 பாலியஸ்டர் கலந்தது, காட்டனை விட சீக்கிரம் காயும். எது எடுத்தாலும் லூசா எடுங்க, கடலோரத்துல துணியை விட துணிக்கும் உடம்புக்கும் நடுவுல போற காத்துதான் உங்களைக் காப்பாத்தும்.

முழு பாலியஸ்டர் ட்ரை-ஃபிட் பத்தி நிறைய பேர் கேப்பாங்க, ஜிம்முக்குப் போடுறது. காயுறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல, ஏன்னா அது தண்ணியை இழைக்குள்ள வாங்கவே வாங்காது, சாதாரணமா காத்துல இருந்தே 100 கிராம் காட்டன் எட்டு எட்டரை கிராம் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், பாலியஸ்டர் அரை கிராம் கூட வச்சிருக்காது. ஆனா நம்ம உடம்புல இருந்து வர்ற எண்ணெய்ப்பசையை அது விடாமப் பிடிச்சுக்கும், அதுல இருந்துதான் அந்த வாடை. நான் ஒரு தடவை தங்கச்சியோட மூணு நாள் தனுஷ்கோடி பக்கம் போறப்ப லேசா இருக்குன்னு ரெண்டு ட்ரை-ஃபிட் மட்டும் எடுத்துட்டுப் போயி, முதல் நாள் சாயங்காலமே பக்கத்துல உக்கார அவ யோசிக்கிற நிலைமை, ராத்திரி சோப்பு போட்டுத் துவைச்சும் மறுநாள் சூடு பட்டதும் அதே வாடை திரும்ப வந்துச்சு. ட்ரெக்கிங்னா போடுங்க, ஒரு நாள்ல முடிஞ்சு வீட்டுக்கு வந்துருவோம். பஸ்ல நாலு பேருக்கு நடுவுல உக்காந்து போற பயணத்துக்கு வேண்டாம்.

மூங்கில் துணி, பாம்பூ டீ-ஷர்ட்னு விக்கிறது பெரும்பாலும் மூங்கில் கூழ்ல இருந்து எடுத்த விஸ்கோஸ்தான். சாஃப்டா குளுமையா இருக்கும், அது உண்மை, ஆனா ஈரமானா பலம் குறையும், முறுக்கிப் பிழிஞ்சா தொளதொளன்னு நீளமாயிரும். 95 காட்டன் 5 லைக்ரான்னு போட்டிருந்தா, லைக்ரா இழுத்தா நீளுற இழை, அது உடம்போட ஒட்டுற துணி, துணியும் சுருங்கி நெருக்கமா வர்றதால 180, 200-ன்னு எடை ஏறிடும், வெயிலுக்கு ஆகாது. ரிப், இன்டர்லாக் ரெண்டும் கனமா வர்ற ரெட்டைப் பின்னல் துணி, அப்படியே தாண்டிப் போயிருங்க. ஸ்லப்னு நூல் தடிச்சும் மெலிஞ்சும் வர்ற துணி, அழகா காத்தோட்டமா இருக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனா மெலிஞ்ச இடத்துல பேக் ஸ்ட்ராப் உரசி சின்னச் சின்ன ஓட்டை விழும், தோள்பை மட்டும் மாட்டுறவங்க எடுக்கலாம், முதுகுப்பை மாட்டுறவங்க வேண்டாம்.

ஃபிட் பத்தி சொல்றதுக்கு எனக்கு நிறைய ஆதங்கம் இருக்கு. பொண்ணுங்க டீ-ஷர்ட்னாலே இடுப்புல வளைச்சு, கையை சின்னதா வெட்டி, நீளத்தைக் குறைச்சு கட்டிங் போட்டு வச்சிருக்காங்க, மேஜையில நூறு நூறா அடுக்கி இருக்குறதைப் பாக்குறப்பல்லாம் இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தி எப்படி ரயில்ல ஏறுவான்னு நினைச்சிருக்கேன். நீங்க ட்ரையல் ரூம்ல கண்ணாடி முன்னாடி நிமிர்ந்து நிக்காதீங்க, ரெண்டு கையையும் மேல தூக்குங்க, ஸ்லீப்பர்ல அப்பர் பெர்த்துல ஏறுற மாதிரி, பேக்கை மேல வைக்கிற மாதிரி. வயிறு தெரிஞ்சா அந்த டீ-ஷர்ட் பயணத்துக்கு இல்ல. அப்புறம் குனிஞ்சு செருப்பு மாட்டுற மாதிரி பாருங்க, கழுத்து எவ்வளவு இறங்குது, முதுகு எவ்வளவு ஏறுது. உங்க நெஞ்சளவு 36 இஞ்ச்னா டீ-ஷர்ட்டோட சுத்தளவு 40 இஞ்சாவது இருக்கணும், அந்த நாலு இஞ்ச்தான் காத்து போற வழி. அக்குள் வெட்டு இறுக்கமா இருந்தா மத்தியானத்துக்குள்ள தோல் உரசி எரிச்சல் வந்துரும், வேர்க்குரு வர்ற உடம்புன்னா கேக்கவே வேண்டாம். கையும் முழங்கைக்கு ரெண்டு மூணு இஞ்ச் மேல வரைக்கும் வரணும், தோள்பட்டையோட நிக்கிற குட்டிக் கை எடுத்தா பேக் ஸ்ட்ராப் நேரா தோல்ல உரசும்.

சரி லூசுதானே வேணும், ஓவர்சைஸ்டு எடுத்தா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. இப்ப ஃபேஷனா வர்ற ஓவர்சைஸ்டு டீ-ஷர்ட் பெரும்பாலும் 220, 240 ஜிஎஸ்எம், அந்த கனத்துலதான் அது விறைப்பா நிக்கும், வெயில்ல போட்டா போர்வை. அதுக்குப் பதிலா சாதாரண டீ-ஷர்ட்லயே உங்களுக்கு எம்னா எல் எடுங்க, இல்லன்னா ரிலாக்ஸ்டு ஃபிட்னு போட்டிருக்குறதை ஜிஎஸ்எம் பாத்து எடுங்க. பக்கத்துல சின்னதா ஸ்லிட் வச்சிருந்தா ரொம்ப நல்லது, உக்காந்தா இடுப்புல சுருண்டு ஏறாது.

கடையில கையில எடுத்ததும் நான் பண்றதைச் சொல்றேன், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. உள்ள கையை விட்டு லைட்டுக்கு நேரா பிடிப்பேன், விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா எண்ணுற மாதிரி தெரிஞ்சா வச்சிருவேன், கை இருக்குன்னு நிழலா மட்டும் தெரிஞ்சா சரி. துணியை வாயில வச்சு ஊதுவேன், அந்தப் பக்கம் கையில காத்து படணும். கீழ மடிப்பு ரெண்டு முனையையும் பிடிச்சு தொங்க விட்டு பக்கத் தையல் நேரா இறங்குதான்னு பாப்பேன், முன்னாடி திரும்பி வந்திருந்தா துணி முறுக்கல், துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும், செக்கிங்ல இதுக்குத்தான் நிறைய பீஸ் ஒதுக்குவோம். கழுத்து ரிப்பை ரெண்டு கையால இழுத்து விட்டா பழைய இடத்துக்கு வரணும். ஒரு மூலையை உள்ளங்கையில அரை நிமிஷம் இறுக்கிப் பிடிச்சு விட்டுப் பாத்தா கசங்கல் எப்படின்னு தெரிஞ்சுரும். கடைசியா உள்பக்கம் திருப்பி கழுத்துப் பட்டையில டேப் வச்சுத் தச்சிருக்கான்னு பாக்கணும், டேப் இல்லன்னா ஓவர்லாக் தையல் பின்கழுத்துல உரசும், வேர்வையும் சேர்ந்தா அரிக்கும். லேபிள் துணியா தொங்குதுன்னா வீட்டுக்கு வந்ததும் தையல் பிரிச்சு எடுத்துருங்க, கத்தரியால வெட்டினா மிச்சம் நிக்கிற முனை இன்னும் மோசமாக் குத்தும்.

பெரிய ரப்பர் பிரிண்ட் போட்டது வேண்டவே வேண்டாம். நெஞ்சு முழுக்க படம், தொட்டா பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்ல, அந்த இடத்துல காத்தும் போகாது வேர்வையும் வெளிய வராது, உள்ள தண்ணி கோத்துக்கும். படம் வேணும்னு ஆசையா இருந்தா தொட்டா தெரியாத மாதிரி துணியோட துணியா இறங்கின பிரிண்ட் பாத்து எடுங்க.

ஆன்லைன்ல வாங்கறப்ப தொட்டுப் பாக்க முடியாது, வார்த்தையைத்தான் தொட்டுப் பாக்கணும். 100 சதவீதம் காட்டன்னு இருந்தா காட்டன். காட்டன் ரிச்னா கலப்படம், எத்தனைக்கு எத்தனைன்னு கீழ தேடுங்க. காட்டன் ஃபீல்னா பாலியஸ்டர்னு எடுத்துக்கோங்க. பயோ வாஷ்னா என்சைம் போட்டு மேல இருக்குற ரோமத்தை எடுத்திருக்காங்க, நல்ல விஷயம்தான். ஜிஎஸ்எம் போடலன்னா கேள்வி கேக்குற இடத்துல கேளுங்க, வாங்கினவங்க போட்ட போட்டோவைப் பாருங்க, மாடல் போட்டிருக்குறதை நம்பாதீங்க, பின்னாடி கிளிப் மாட்டி இழுத்துக் கட்டியிருப்பாங்க. வந்ததும் சந்தேகமா இருந்தா அடி மடிப்புக்குள்ள இருந்து துணியோட நூல் ஒண்ணை உருவி தட்டு மேல வச்சு கொளுத்திப் பாருங்க, காட்டன்னா பேப்பர் எரியுற வாசம், சாம்பல் விரல்ல தேய்ச்சா தூளாகும், பாலியஸ்டர்னா உருகி கருப்பா கெட்டி மணி மாதிரி நிக்கும். தையல் நூலை உருவிறாதீங்க, காட்டன் டீ-ஷர்ட்டையும் பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்லதான் தைப்பாங்க, அதை எரிச்சுப் பாத்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போன பிள்ளை ஒண்ணு எங்க சொந்தத்துலயே இருக்கு.

கலர்ல ஒரே ஒரு கலரை மட்டும் கண்டிப்பா வேண்டாம்னு சொல்லுவேன், கிரே மெலாஞ்ச், சாம்பலும் வெள்ளையும் கலந்து வர்றது. வேர்வை பட்ட இடம் அப்படியே கருப்பா மேப் போட்ட மாதிரி தெரியும். வெள்ளை குளுமைன்னு சொல்றதும் பாதிதான் சரி. துணி வெயில் கதிரை எவ்வளவு தடுக்குதுங்கிற கணக்குக்கு யூபிஎஃப்னு பேரு, மெலிசு வெள்ளை காட்டன் டீ-ஷர்ட்டுக்கு அது 5 வாக்குலதான் இருக்கும், அதாவது தோலைக் கறுக்க வைக்கிற கதிர்ல அஞ்சுல ஒரு பங்கு உள்ள வந்துரும், நனைஞ்சா இன்னும் மோசம், நல்ல பாதுகாப்புன்னா 30-க்கு மேல இருக்கணும். தனுஷ்கோடில நிழலுக்கு ஒரு மரம் தேடணும், அங்க மெலிசு வெள்ளை போட்டுட்டு ரெண்டு மணி நேரம் நின்னா தோள்பட்டை துணிக்குள்ளயே எரியும். அதுக்காக கருப்பும் வேண்டாம், நேர் வெயில்ல சூட்டை இழுக்கும். நடுவுல இருக்குற கலர், மெரூன், பாட்டில் கிரீன், இண்டிகோ, கொஞ்சம் நெருக்கமான துணியா லூசா எடுத்தா எல்லாத்துக்கும் ஒத்து வரும்.

ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தம் ஆடப் போறவங்க இதை நல்லா கேட்டுக்கோங்க. ஒவ்வொரு கிணத்துலயும் வாளி வாளியா தலையில ஊத்துவாங்க, சொட்டச் சொட்ட அடுத்த கிணத்துக்கு வரிசையில நடக்கணும், சுத்தி அத்தனை கூட்டம். வெளிர் கலர் டீ-ஷர்ட் நனைஞ்சா எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, நான் என் துண்டை எடுத்து முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணுக்குப் போர்த்தி விட்டிருக்கேன், அந்தப் பிள்ளை கண்ணுல தண்ணி. அங்கன்னா டார்க் கலர், 160-க்கு குறையாத துணி, முடிஞ்சா சுடிதாரே போட்டுக்கோங்க. ஈரத்துணியோட சாமி பாக்க உள்ள விட மாட்டாங்க, மாத்திக்கத் தனியா ஒரு செட்டும் கையில வேணும். கொடிவேரி மாதிரி அணையில குளிக்கப் போறதுக்கும் இதேதான். கோயில் கோயிலா போற பயணம்னா ஸ்லீவ்லெஸ் எடுக்கவே எடுக்காதீங்க, மடிச்சா கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு காட்டன் ஷால் பேக்ல போட்டுக்கோங்க. பாங்காக் கிராண்ட் பேலஸ்லயும் கண்டி தலதா மாளிகையிலயும் கூட தோள் மூடியிருக்கணும், அரைக்கை டீ-ஷர்ட் போதும். திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்கு டீ-ஷர்ட்டே ஆகாது, சேலையோ முண்டோ எடுத்துட்டுப் போயிருங்க.

நாலு நாளுக்கு மூணு டீ-ஷர்ட் போதும், ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில, ஒண்ணு பேக்ல. மூணும் சேர்ந்தே முக்கால் ஜீன்ஸ் எடை கூட வராது. ராத்திரி லாட்ஜுக்கு வந்ததும் குளிக்கறப்பவே துவைச்சு, கையால பிழிஞ்சுட்டு, காஞ்ச துண்டை கட்டில்ல விரிச்சு அது மேல டீ-ஷர்ட்டைப் பரப்பி ரெண்டையும் பாய் மாதிரி சுருட்டி முட்டி வச்சு அழுத்துங்க, பாதித் தண்ணியைத் துண்டு குடிச்சுரும். அப்புறம் ஹேங்கர்ல போட்டு ஃபேன் காத்து படுற இடத்துல மாட்டினா மதுரை திருச்சி மாதிரி ஊர்ல 150 ஜிஎஸ்எம் காட்டன் காலையில காஞ்சிருக்கும், கடலோரத்துல அக்குள் தையலும் கழுத்து ரிப்பும் லேசா ஈரமா நிக்கும், அதுக்குத்தான் அந்த மூணாவது டீ-ஷர்ட். ஏசி கோச்சுல ராத்திரி ரயில் ஏறுறதா இருந்தா வேர்த்து நனைஞ்சதை ஸ்டேஷன்லயே மாத்திருங்க, ஈரக் காட்டனோட ஏசில படுத்தா விடியறப்ப நடுங்கிட்டு எந்திரிப்பீங்க.

இன்னொண்ணு, புது டீ-ஷர்ட்டை மடிப்புக் கலையாம பேக்ல போட்டுட்டுப் போகாதீங்க. கடைக்கு வர்றப்ப சாஃப்டா இருக்கணும்னு சிலிக்கான் போட்டிருப்பாங்க, அது இருக்குற வரைக்கும் துணி வேர்வையை சரியா உறிஞ்சாது, துவைக்கத் துவைக்கத்தான் குறையும், துவைச்சுட்டு கண்டிஷனர் ஊத்துனா திரும்ப அதே கதை. சுருக்கமும் அப்பத்தான் தெரியும், 5 சதவீதம் வரைக்கும் சுருங்கறது சகஜம், 62 சென்டிமீட்டர் நீளத்துல மூணு சென்டிமீட்டர் போயிரும், மட்டமான துணின்னா இன்னும் போகும். டார்க் கலரை முதல் தடவை தனியா நனைச்சு சாயம் போகுதான்னு பாருங்க. அப்புறம் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் முன்னாடி ஒரு மத்தியானம் அதைப் போட்டுக்கிட்டு ஃபேன் இல்லாம அடுப்படில நின்னு சமைங்க, முதுகுல பேக்கை மாட்டிக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க. எங்க உரசுது, எங்க ஒட்டுது, எவ்வளவு நேரத்துல காயுதுன்னு அங்கயே தெரிஞ்சுரும், ஒத்து வரலன்னா வீட்டுல போட வச்சுக்கிட்டு வேற எடுக்கவும் நாள் இருக்கும்.